ஹீமோகுளோபினில் வாயுக்கள் சேரும் வேகம்: புதிதாக அளக்க வருவோர்க்கு ஒரு வழிகாட்டி

கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றும் என்று பாடநூலில் படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர், அது ஆக்சிஜனைவிட வேகமாகவும் பற்றும் என்று தாமாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். அந்த முடிவு தவறானது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட மெதுவாகத்தான் வந்து சேர்கிறது. ஆனால் சேர்ந்த பிறகு எளிதில் விட்டுப் போவதில்லை. பற்றும் வேகம் வேறு, பற்றின் வலிமை வேறு என்னும் இந்த உண்மையைத் தாளில் கணக்கிட்டும் ஆய்வகத்தில் அளந்தும் உறுதிசெய்துகொள்ள விரும்புவோர்க்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சேலத்திலும் அதன் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் உயிர்வேதியியல், விலங்கியல், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் ஆகியவற்றைப் படித்துவிட்டு, முதன்முறையாக வினைவேக அளவீட்டுக்குள் நுழைபவரை மனத்தில் கொண்டிருக்கிறேன்.

முதற்படி: எண்களை அறிந்துகொள்வது

கருவியைத் தொடுவதற்கு முன் சில எண்கள் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். பாலூட்டிகளின் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 64,500 மூலக்கூறு எடை கொண்டது. இரண்டு ஆல்ஃபாச் சங்கிலிகளும் இரண்டு பீட்டாச் சங்கிலிகளும் சேர்ந்த அந்த மூலக்கூறில் நான்கு ஹீம்கள் உள்ளன. ஒவ்வொரு ஹீமின் நடுவிலும் உள்ள இரும்பு அணு ஒரு வாயு மூலக்கூறைப் பற்றும். நான்கும் தனித்தனியே இயங்குவதில்லை; இதையே கூட்டுறவு என்கிறோம். ஒன்றும் பற்றாத நிலையில் மூலக்கூறு இறுகிய அமைப்பில் இருக்கிறது. வாயுக்கள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர அது தளர்ந்த அமைப்புக்கு மாறுகிறது. இந்த இரு அமைப்புகளின் வடிவத்தை எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் வெளிக்கொணர்ந்தவர் மாக்ஸ் பெரூட்ஸ். புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்ததற்காக அவருக்கு 1962-இல் ஜான் கென்ட்ரூவுடன் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒவ்வொரு வாயுவுக்கும் இரண்டு மாறிலிகள் உண்டு. ஒன்று சேர்க்கை வேக மாறிலி. அது வாயுவின் செறிவோடு பெருக்கப்பட வேண்டியது என்பதால் அதன் அலகு மோலாருக்கு, வினாடிக்கு என்று அமையும். மற்றொன்று பிரிகை வேக மாறிலி. அது செறிவைச் சாராதது, வினாடிக்கு என்பதே அதன் அலகு. தளர்ந்த அமைப்பில், 20 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில், ஆக்சிஜனின் சேர்க்கை மாறிலி ஏறத்தாழ 5 கோடி; கார்பன் மோனாக்சைடுக்கு அது ஏறத்தாழ 60 லட்சம்தான். அதாவது கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ 8.3 மடங்கு மெதுவானது. பிரிகையைப் பாருங்கள்: ஆக்சிஜனுக்கு வினாடிக்கு 20 அளவில் இருக்க, கார்பன் மோனாக்சைடுக்கு அது வினாடிக்கு 0.01 அளவிலேயே உள்ளது. அங்கே வேறுபாடு 2,000 மடங்கு. பற்றின் வலிமை என்பது சேர்க்கை மாறிலியைப் பிரிகை மாறிலியால் வகுத்து வரும் ஈவு. 2,000-ஐ 8.3-ஆல் வகுத்தால் 240-ஐ நெருங்கும் எண் கிடைக்கிறது. பாடநூல் சொல்லும் 200 மடங்குக்கு மேல் என்ற கூற்று இங்கிருந்துதான் பிறக்கிறது. இந்தக் கணக்கை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

இறுகிய அமைப்பில் எண்கள் மாறுகின்றன. ஆக்சிஜனின் சேர்க்கை பத்து மடங்கு அளவுக்குக் குறைந்து 50 லட்சத்தை ஒட்டி வரும். பிரிகையோ வினாடிக்கு 1,000 என்ற அளவைத் தொடும். ஆகவே ஆக்சிஜனைப் பொறுத்தவரை இறுகிய அமைப்பின் பலவீனம் பெரும்பாலும் விரைவாக விட்டுவிடுவதால் வருகிறது. கார்பன் மோனாக்சைடில் இதற்கு எதிரான நிலை: சேர்க்கை மாறிலி ஒன்று முதல் இரண்டு லட்சம் வரை சரிந்துவிட, பிரிகை வேகம் பத்து மடங்கு அளவுக்கே கூடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு மூன்றாம் வகை. அது ஆக்சிஜனைப் போல வேகமாகச் சேரும். பிரிவதற்கோ மணிக்கணக்கில் ஆகும். ஆக்சிஜன் ஏற்கெனவே பற்றியுள்ள ஹீமோகுளோபினைச் சந்தித்தால் அது அந்த ஆக்சிஜனுடன் வினைபுரிந்து நைட்ரேட்டாக மாறி, இரும்பை ஆக்சிஜனேற்றி, ஆக்சிஜனைப் பற்ற இயலாத மெத்ஹீமோகுளோபினை விட்டுச் செல்லும்.

கரியமில வாயுவைப் பற்றி ஒரு சொல். அது ஹீமைப் பற்றுவதே இல்லை. அதன் ஒரு பகுதி புரதச் சங்கிலிகளின் முனையிலுள்ள அமினோ தொகுதிகளோடு சேர்கிறது. பெரும்பகுதி செவ்வணுவுக்குள் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியால் பைகார்பனேட்டாக மாறிச் செல்கிறது. இங்கே சொல்லப்படும் அளவு முறைகள் அதற்குப் பொருந்தா.

இரண்டாம் படி: அரைக்காலத்தைக் கணக்கிடுவது

எந்த வினையை எந்தக் கருவியால் பார்க்க முடியும் என்பதை அரைக்காலமே, அதாவது வினை பாதி முடிய ஆகும் நேரமே, சொல்லிவிடும். வாயு மிகுதியாகவும் ஹீம் குறைவாகவும் இருக்கும்படி வைத்துக்கொண்டால், சேர்க்கை மாறிலியை வாயுவின் செறிவால் பெருக்கி, 0.69-ஐ அந்தப் பெருக்கற்பலனால் வகுத்தால் அரைக்காலம் வினாடியில் கிடைக்கும்.

ஆக்சிஜன் 100 மைக்ரோமோலார் செறிவில் இருக்கிறது என்று கொள்வோம். தளர்ந்த அமைப்போடு சேரும் அரைக்காலம் 0.14 மில்லிவினாடி, இறுகிய அமைப்போடு என்றால் 1.4 மில்லிவினாடி. கார்பன் மோனாக்சைடு 50 மைக்ரோமோலார் செறிவில், சேர்க்கை மாறிலி இரண்டு லட்சம் என்ற கணக்கில், 69 மில்லிவினாடி எடுக்கும். ஸ்டாப்டு ஃப்ளோ என்று ஆய்வகங்களில் வழங்கும் கருவியில் இரண்டு கரைசல்கள் கலந்து, ஒளி விழும் அறைக்கு வந்து நிற்பதற்கே ஒன்று அல்லது இரண்டு மில்லிவினாடி கழிந்துவிடும். அந்த இடைவெளியில் நடப்பதைக் கருவியால் காண முடியாது. எனவே ஆக்சிஜன் சேர்வதன் பெரும்பகுதி கருவி கண் திறக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு சேர்வதோ முழுமையாகக் கண்ணில் படும். தொடங்குபவர் ஆக்சிஜன் விடுபடுவதை முதலிலும், கார்பன் மோனாக்சைடு சேர்வதை அடுத்தும், ஆக்சிஜன் சேர்வதை இறுதியிலும் எடுத்துக்கொள்வதே நல்ல வரிசை என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

இந்த அளவீட்டுக்கு வழி திறந்தவர்கள் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஹாமில்டன் ஹார்ட்ரிட்ஜும் ஃபிரான்சிஸ் ரஃப்டனும். 1923-இல் அவர்கள் வெளியிட்ட முறையில் இரண்டு கரைசல்கள் ஒரு கலவை அறையில் மோதி, நீண்ட கண்ணாடிக் குழாயில் விரைந்து ஓடும். குழாயின் வெவ்வேறு இடங்களில் நிறமாலையைப் பார்த்தால் வெவ்வேறு கணங்களைப் பார்ப்பதாக ஆகும். நீர் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுமானால் குழாயின் ஒரு சென்டிமீட்டர் ஒரு மில்லிவினாடிக்குச் சமம். மின்னணுக் கருவிகள் இல்லாத காலத்தில் ஆயிரத்தில் ஒரு வினாடியை ஓர் அளவுகோலால் அளந்த அந்தச் சிந்தனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்த முறைக்கு லிட்டர் கணக்கில் கரைசல் தேவைப்பட்டது. பிரிட்டன் சான்ஸ் 1940-இல் விவரித்த, ஸ்டாப்டு ஃப்ளோ என்னும் நிறுத்தும் முறையும், அதைப் பின்னர் குவென்டின் கிப்சன் செம்மைப்படுத்தியதும் சேர்ந்து தேவையை மில்லிலிட்டருக்குக் குறைத்தன.

மூன்றாம் படி: இரத்தத்தைப் பெறுவதும் கழுவுவதும்

மனித இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. கற்றுக்கொள்வதற்கு ஆட்டு இரத்தம் போதுமானது. பல வகைகளில் அதுவே மேலானது. சேலம் கருப்பு வெள்ளாடும் மேச்சேரிச் செம்மறியும் இந்த மாவட்டத்தின் சொந்த இனங்கள். ஆட்டிறைச்சிக் கூடத்தில் விடியற்காலையில் சொல்லிவைத்துப் பெறலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினோ, ஈ.டி.டி.ஏ.வோ முன்பே இட்ட குப்பியில் இரத்தத்தைப் பிடித்து, மெல்லக் கவிழ்த்துக் கலந்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து உடனே எடுத்துவர வேண்டும். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் வண்டியில் கிடந்த இரத்தம் வேக அளவீட்டுக்கு உதவாது.

பல ஆடுகளின் இரத்தத்தை ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஆடுகளிலும் செம்மறிகளிலும் ஹீமோகுளோபின் வகைகள் விலங்குக்கு விலங்கு வேறுபடும். இரத்தச் சோகை கண்ட ஆட்டில் ஹீமோகுளோபின் சி என்ற தனி வகை உருவாகும். ஒரே நலமான விலங்கின் இரத்தம் என்பதைக் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளுங்கள்.

மனித இரத்தத்தில் 2,3-டைபாஸ்போகிளிசரேட் என்ற பொருள் மிகுந்திருந்து ஹீமோகுளோபினை இறுகிய அமைப்பில் நிறுத்த முயலும். அதை நீக்கிய பிறகே அளவீடு செய்வது வழக்கம். வளர்ந்த ஆடு, செம்மறி, மாடு ஆகியவற்றின் செவ்வணுக்களில் அது மிகக் குறைவு. அவற்றில் குளோரைடு அயனியின் செல்வாக்கே பெரிது. அதனால் ஆட்டு ஹீமோகுளோபினோடு வேலை செய்பவர் பி.எச். மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலில் எவ்வளவு குளோரைடு உள்ளது என்பதில் கண்ணாக இருக்க வேண்டும்.

செவ்வணுக்களைக் குளிர்ந்த 0.9 சதவீத உப்புநீரில் மும்முறை கழுவுவது மரபு. ஆட்டின் செவ்வணு பாலூட்டிகளிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. மனிதச் செவ்வணுவின் குறுக்களவு ஏழு முதல் எட்டு மைக்ரோமீட்டர் என்றால் ஆட்டினுடையது மூன்று முதல் நான்கு வரைதான். அவ்வளவு சிறிய அணு எளிதில் அடியில் படியாது. மனித இரத்தத்துக்குப் போதுமான நேரம் இதற்குப் போதாது, சென்ட்ரிஃபியூஜை நீண்ட நேரம் ஓட்ட வேண்டும். மேலும் அது உப்பின் அடர்த்தி சற்றுக் குறைந்தாலும் உடைந்துவிடும் இயல்புடையது. கழுவும் நீர் சிவந்தால் உப்புநீரை மீண்டும் எடைபோட்டுத் தயாரியுங்கள்.

கழுவிய அணுக்களைக் குளிர்ந்த வடிநீரில் உடைத்து, உயர்வேகச் சுழற்சியால் சவ்வுத் துணுக்குகளை அகற்றி, தாங்கல் கரைசலுக்கு எதிராக டயாலிசிஸ் செய்தால் (நுண்துளைச் சவ்வின் வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றினால்) தெளிந்த ஹீமோகுளோபின் கரைசல் கிடைக்கும்.

நான்காம் படி: நிறமாலையைப் பார்த்துத் தரத்தை உறுதிசெய்வது

ஆக்சிஜன் பற்றிய ஹீமோகுளோபின் 541, 577 நானோமீட்டர்களில் இரு முகடுகளையும் 415-இல் உயர்ந்த முகடு ஒன்றையும் காட்டும். ஆக்சிஜனை நீக்கினால் இரு முகடுகளும் ஒன்றாகி 555-இல் அகன்று நிற்கும். 415-இல் இருந்தது 430-க்கு நகரும். கார்பன் மோனாக்சைடு பற்றியதில் முகடுகள் 540-க்கும் 569-க்கும் அருகிலும் 419-இலும் அமையும். 630 நானோமீட்டரில் சிறு மேடு எழுந்தால் மெத்ஹீமோகுளோபின் சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் கரைசலை ஒதுக்கிவிடுவது நல்லது. செறிவைக் கணக்கிட, 577 நானோமீட்டரில் ஒரு மில்லிமோலார் ஹீமுக்கு ஒரு சென்டிமீட்டர் பாதையில் ஒளியுறிஞ்சல் ஏறத்தாழ 15 என்று கொள்ளலாம்.

பிரிகை வேகத்தின் வேறுபாட்டை விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமலே காட்டும் ஒரு பழைய சோதனை இங்கே இருக்கிறது. ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1864-இல், ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால் நிறமாலையில் இரத்தம் காட்டும் இரு கரும்பட்டைகள் ஒன்றாகிவிடுவதையும், காற்றோடு குலுக்கினால் மீண்டும் இரண்டாவதையும் காட்டினார். ஒடுக்கும் பொருளான சோடியம் டைதயோனைட்டை ஒரு சிட்டிகை இட்டுக் கையடக்க நிறமாலை காட்டியில் பார்த்தால் உடனே பட்டைகள் இணையும். கார்பன் மோனாக்சைடு பற்றிய இரத்தத்தில் அதையே செய்தால் இரு பட்டைகளும் அப்படியே நிற்கும். டைதயோனைட் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை விழுங்கும்; கார்பன் மோனாக்சைடை அதனால் ஒன்றும் செய்ய இயலாது; ஹீமை விட்டு அரிதாக வெளியேறும் ஓரிரு மூலக்கூறுகளும் உடனே திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். கல்லூரி ஆய்வகத்தில் இந்தச் சோதனையை ஆசிரியரே புகைவெளியேற்றும் அறைக்குள் செய்து காட்ட வேண்டும். கார்பன் மோனாக்சைடு உருளையை மாணவர் கையில் தனியே விடக் கூடாது.

ஐந்தாம் படி: ஆக்சிஜனை வெளியேற்றுவதும் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதும்

ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினைப் பெற, நைட்ரஜனையோ ஆர்கானையோ கரைசலின் மேற்பரப்பில் வீச வேண்டும். கரைசலுக்குள் குமிழியிட்டால் நுரை எழுந்து புரதம் கெடும். வட்டமான குடுவையைச் சாய்த்துச் சுழற்றிக்கொண்டே வாயுவைச் செலுத்தினால் மெல்லிய படலமாகப் பரவி விரைவில் ஆக்சிஜன் நீங்கும். சிலிக்கோன் குழாய்களைத் தவிர்த்துவிடுங்கள், அவற்றின் சுவர் வழியே காற்றின் ஆக்சிஜன் எளிதில் உள்ளே கசியும்.

வெப்பநிலை அதைவிடப் பெரிய சிக்கல். கோடையில் சேலத்தின் ஆய்வகம் ஒன்றில் குளிர்சாதனம் இல்லாவிட்டால் அறை வெப்பம் 35 பாகையைத் தாண்டும்; அதே நாளில் ஏற்காட்டில் பத்துப் பாகைக்கு மேல் குறைவாக இருக்கலாம். ஆக்சிஜன் சேர்வது வெப்பத்தை வெளியிடும் வினை. ஆகவே வெப்பம் ஏறும்போது பிரிகை வேகம் சேர்க்கை வேகத்தைக் காட்டிலும் அதிகமாக ஏறும். கருவியின் கலவை அறையையும் இரு சிரிஞ்சுகளையும் சுழலும் நீரால் 20 பாகையில் நிறுத்தாமல் எடுத்த எண்களை யாருடைய எண்களோடும் ஒப்பிட முடியாது. டிரிஸ் தாங்கல் கரைசலின் பி.எச். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.028 வீதம் குறையும். 20 பாகையில் 7.4-க்குச் சரிசெய்த கரைசல் 35 பாகையில் 7.0-க்கு வந்துவிடும். பி.எச். குறைந்தால் ஆக்சிஜனின் பற்று தளரும் என்பது 1904-இல் போர், ஹாசல்பால்க், க்ரோ ஆகியோர் கண்ட விளைவோடு சேர்ந்தது. அந்த ஒரு கவனக்குறைவே முழு அளவீட்டையும் திசைதிருப்பப் போதும்.

கரைந்துள்ள ஆக்சிஜனின் செறிவை நூலிலிருந்து அப்படியே எடுக்கக் கூடாது. கடல்மட்டத்தில், 25 பாகையில், காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் 258 மைக்ரோமோலார் ஆக்சிஜன் இருக்கும் என்று அட்டவணைகள் தருகின்றன. சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காற்றழுத்தம் 735 மில்லிமீட்டர் பாதரசம் என்று கொண்டு, 30 பாகையில் நீராவி அழுத்தத்தைக் கழித்துக் கணக்கிட்டால் 228 மைக்ரோமோலார் வருகிறது. சேர்வராயன் மலைமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் அழுத்தம் 634 மில்லிமீட்டர்தான். ஆனால் நீர் 20 பாகையில் இருந்தால் செறிவு 236 மைக்ரோமோலாராகிறது. மலையில் காற்று மெலிந்திருந்தும் நீரின் குளிர்ச்சி அந்தக் குறைவை ஈடுசெய்து சற்றுக் கூடுதலாகவே தருகிறது. உயரத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டுவோர் இதை எதிர்பார்ப்பதில்லை. தாங்கல் கரைசலின் உப்பு இந்த எண்களைச் சிறிது குறைக்கும்.

ஆறாம் படி: ஆக்சிஜன் விடுபடும் வேகம்

ஒரு சிரிஞ்சில் காற்றோடு சமநிலையில் உள்ள ஹீமோகுளோபின், மற்றொன்றில் நைட்ரஜனால் காற்று நீக்கிய தாங்கல் கரைசலில் அப்போதே கரைத்த டைதயோனைட். இரண்டும் சம அளவில் கலந்ததும் டைதயோனைட் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, ஹீமை விட்டு வெளிவரும் ஆக்சிஜன் திரும்ப முடியாமல் போகிறது; ஆகவே நாம் காண்பது பிரிகை வேகம் மட்டுமே. ஹார்ட்ரிட்ஜும் ரஃப்டனும் 1923-இல் கையாண்ட வழியும் இதுவே. 437 நானோமீட்டரில் ஒளியுறிஞ்சல் ஏறிச் சில பத்து மில்லிவினாடிகளில் பாதியைக் கடக்கும். டைதயோனைட்டின் செறிவை இருமடங்காக்கியும் வேகம் மாறாமல் இருக்கிறதா என்று கட்டாயம் சரிபாருங்கள்; மாறினால் நீங்கள் அளப்பது டைதயோனைட்டின் வேகம். காற்றுப் பட்ட டைதயோனைட் ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்கிப் புரதத்தைச் சிதைக்கும் என்பதால் பழைய கரைசலை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஹீமின் செறிவு ஓரிரு மைக்ரோமோலாருக்குக் கீழே போனால், வாயு பற்றிய ஹீமோகுளோபின் இரண்டிரண்டு சங்கிலிகளாகப் பிரிந்துவிடும். அந்தப் பாதி மூலக்கூறுகளுக்கு இறுகிய அமைப்பு கிடையாது. மிக நீர்த்த கரைசலில் கூட்டுறவை எதிர்பார்ப்பது வீண்.

ஏழாம் படி: கார்பன் மோனாக்சைடு சேரும் வேகம்

மாணவர் நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய சோதனை இதுதான். 20 பாகையில் கார்பன் மோனாக்சைடு நிறைந்த நீர் ஏறத்தாழ ஒரு மில்லிமோலார் செறிவுடையது. அதைக் காற்று நீக்கிய தாங்கல் கரைசலால் பத்து மடங்கு நீர்த்து ஒரு சிரிஞ்சிலும், 10 மைக்ரோமோலார் ஹீம் உள்ள, ஆக்சிஜன் நீங்கிய ஹீமோகுளோபினை மற்றொன்றிலும் ஏற்றினால், கலந்தபின் வாயு 50, ஹீம் 5 என்று பத்துக்கு ஒன்றாக அமையும். சம அளவில் கலப்பதால் இரண்டும் பாதியாகும் என்பதைக் கணக்கில் மறந்துவிட வேண்டாம்.

கிடைக்கும் வளைவைச் சாதாரண ஒற்றை அடுக்குக்குறிச் சமன்பாட்டில் பொருத்தினால் அது பொருந்தாது. சாதாரண வினையில் வேகம் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்து படிப்படியாகத் தளரும். இங்கே மீதமுள்ள ஹீம்களின் விகிதத்தை மடக்கை அளவில் வரைந்தால் கோடு நேராக இறங்காமல் போகப் போகச் செங்குத்தாகிறது. முதலில் வரும் கார்பன் மோனாக்சைடு இறுகிய அமைப்பைச் சந்திக்கிறது. அங்கே மாறிலி ஒன்று அல்லது இரண்டு லட்சம். கடைசியாக வருவது தளர்ந்த அமைப்பைச் சந்திக்கிறது. அங்கே 60 லட்சம். தொடக்கத்தில் நான்கு இடங்கள் காலியாக இருப்பதும் இறுதியில் ஒன்றே இருப்பதும் இந்த வேறுபாட்டை ஓரளவு மறைத்தாலும், வளைவின் சாய்வு கூடுவது தெளிவாகவே தெரியும். ஆக்சிஜன் சமநிலை வளைவின் எஸ் வடிவத்தைக் கூட்டுறவுக்குச் சான்றாக எல்லாரும் படிக்கிறோம். அதே கூட்டுறவு, நேரத்தின் போக்கில், நம் கண்முன் ஒரு வினாடிக்குள் நடந்து முடிவதை இந்த வளைவு காட்டுகிறது. பொருந்தாத சமன்பாட்டை வற்புறுத்திப் பொருத்தி ஒரு சராசரி எண்ணை எழுதிவைப்பது அந்த அரிய செய்தியை இழப்பதாகும்.

வாயுவின் செறிவை நான்கைந்து அளவுகளில் மாற்றி, தொடக்க வேகத்தைச் செறிவுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வே இறுகிய அமைப்பின் சேர்க்கை மாறிலி. தளர்ந்த அமைப்பின் மாறிலிக்கும், ஆக்சிஜன் சேரும் வேகத்துக்கும் ஒளித்தெறிப்பு முறை வேண்டும். கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபின் மீது வலிய ஒளிவீச்சைப் பாய்ச்சினால் வாயு கழன்றுவிடும்; மூலக்கூறு தளர்ந்த அமைப்பிலிருந்து மாறுவதற்குள் மீண்டும் சேர்வதை அளக்கலாம். நாரிஷும் போர்ட்டரும் 1949-இல் உருவாக்கிய முறையைக் கிப்சன் ஹீமோகுளோபினுக்குப் பயன்படுத்தி, 1959-இல் விரைவாக வினைபுரியும் வடிவம் ஒன்று உண்டு என்று நிறுவினார். இந்த வசதி பெரிய ஆய்வு நிறுவனங்களில்தான் கிடைக்கும். தொடங்குபவர் இதைக் கொள்கையளவில் அறிந்துகொண்டால் போதும்.

எட்டாம் படி: கரைசலிலிருந்து முழுச் செவ்வணுவுக்கு

தூய ஹீமோகுளோபினில் கிடைத்த எண்களை இரத்தத்துக்கு அப்படியே ஏற்றக் கூடாது. ஒரு செவ்வணுவுக்குள் லிட்டருக்கு ஏறத்தாழ 330 கிராம் ஹீமோகுளோபின், அதாவது 20 மில்லிமோலார் ஹீம், நெருக்கமாக அடைந்திருக்கிறது. வெளியே கரைந்துள்ள ஆக்சிஜனோ 0.2 மில்லிமோலார். ஓர் அணு நிரம்ப வேண்டுமானால் தன் கனஅளவைப் போல நூறு மடங்கு நீரில் உள்ள ஆக்சிஜன் அதற்கு வந்து சேர வேண்டும். ஹீம் ஆக்சிஜனைப் பற்றும் வேகத்துக்கு அதன் வரவு ஈடுகொடுப்பதில்லை. அணுவைச் சுற்றி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தையும் அணுவின் உட்பகுதியையும் ஊடுருவுவதே நேரம் எடுக்கிறது. ஆகையால் முழு அணுக்கள் ஆக்சிஜனை ஏற்கும் வேகம், அதே ஹீமோகுளோபின் கரைசலாக இருக்கும்போது உள்ளதைவிடப் பன்மடங்கு குறைவு.

இங்கேதான் ஆட்டு இரத்தம் தன் மதிப்பைக் காட்டுகிறது. ஹாலண்டும் ஃபார்ஸ்டரும் 1966-இல் பல விலங்குகளின் செவ்வணுக்களை ஒப்பிட்டு, அணு சிறியதாக இருக்கும்போது ஆக்சிஜன் ஏற்கும் வேகம் கூடுவதைக் காட்டினார்கள். கழுவிய ஆட்டுச் செவ்வணுக்களையும், அனுமதி பெற்றிருந்தால் மனிதச் செவ்வணுக்களையும் உப்புநீரில் மிதக்கவிட்டு அடுத்தடுத்து அளந்தால் ஹீமின் வேதியியல் எங்கே முடிந்து பரவலின் இயற்பியல் எங்கே தொடங்குகிறது என்பது புலப்படும்.

ஒன்பதாம் படி: எண்களை உடலுக்குப் பொருத்துதல்

ஓய்வில் இருக்கும் மனிதரின் நுரையீரல் நுண்குழாயில் செவ்வணு ஏறத்தாழ முக்கால் வினாடி தங்குகிறது. சமவெளியில் கால் வினாடிக்குள்ளேயே அது நிரம்பிவிடும். சேலத்தில் நுரையீரல் நுண்ணறையின் ஆக்சிஜன் அழுத்தத்தைக் கணக்கிட்டால் 94 மில்லிமீட்டர் அளவில் வரும். இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைந்தவரிடம், மூச்சின் ஆழம் மாறாது என்று கொண்டால், அது 73 ஆகும். அந்த அழுத்தத்தில் ஹீமோகுளோபின் 94 அல்லது 95 சதவீதம் நிரம்பியிருக்கும். அழுத்தம் இருபது மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தும் நிரம்பும் அளவு இரண்டு மூன்று சதவீதமே குறைகிறது என்பதால், நலமான உடலுக்கு இந்த உயரம் சுமையாவதில்லை.

கார்பன் மோனாக்சைடின் கணக்கு வேறு. குளிர்காலத்தில் மலைமேல் கதவும் சன்னலும் அடைத்த அறைக்குள் கரி அடுப்பை மூட்டிவைத்து உறங்குவோர் உண்டு. அந்த அறையின் காற்றில் 0.06 சதவீதம் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிட்டது என்று கொள்வோம். அதன் அழுத்தம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் பற்று 220 மடங்கு என்றால், சமநிலை எட்டும்போது ஆக்சிஜனுக்கு இணையான ஹீம்களை அது பிடித்துவிடும். அந்த நிலையை எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து லிட்டர் இரத்தத்தில் 750 கிராம் ஹீமோகுளோபின் உண்டு. அது ஒரு லிட்டர் வாயுவைப் பற்றவல்லது. பாதி என்றால் 500 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு நுண்ணறைகளை அடையும் காற்று நாலரை லிட்டர். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு 2.7 மில்லிலிட்டர். அத்தனையும் இரத்தத்தில் சேர்ந்தால்கூட மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். ஹீமோடு சேர்வதற்கு மில்லிவினாடிகள், உடலை நிரப்புவதற்கு மணிகள். உறங்குபவர் எதையும் உணராமல் இருக்க இந்த மெதுவான ஏற்றமும், வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லாததும் காரணமாகின்றன.

வெளியேறும்போதும் இதே முரண் தோன்றும். பிரிகை மாறிலி 0.01 என்றால் அரைக்காலம் 69 வினாடி. ஆனால் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகிறது. கழன்ற மூலக்கூறைச் சுற்றிலும் பற்றத் தயாரான ஹீம்கள் நிறைந்திருப்பதால் அது மீண்டும் மீண்டும் பிடிபடுகிறது. தூய ஆக்சிஜனைக் கொடுத்தால் காலியாகும் இடங்களை ஆக்சிஜன் முந்திக்கொள்ளும். அரைக்காலம் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கும். எனவே இப்படிப்பட்டவரை முதலில் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, தாமதமின்றி ஆக்சிஜன் தரும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை அங்கே நம்பக் கூடாது. அது பயன்படுத்தும் இரண்டு ஒளியலைநீளங்களால் கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினை ஆக்சிஜன் பற்றியதிலிருந்து பிரித்தறிய இயலாது, 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜன் பற்றாக்குறையில் இருக்கக்கூடும். கோ-ஆக்சிமீட்டர் உள்ள இரத்த வாயுச் சோதனையில் மட்டுமே உண்மை அளவு தெரியும். பல அலைநீளங்களில் அளந்து ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே கணக்கிடும் அந்தக் கருவி, நான்காம் படியில் சொன்ன முகடுகளின் வேறுபாட்டைக் கொண்டே இயங்குகிறது.